கொளத்தூர் கடல் மீன் கடை: கேட்டதைத் தராததற்கு நாலு நட்சத்திரம்

ஐந்துக்கு நாலு போட்டிருக்கிறேன். ஒன்றை ஏன் பிடித்துக்கொண்டேன் என்பது கீழே வரும். அவசரக்காரர்களுக்கு முதலிலேயே ஒரு வார்த்தை: இன்று சாயங்காலமே தொட்டி, கோமாளி மீன், அனிமோன் (பூ மாதிரி கை விரித்துக் கல்லில் ஒட்டியிருக்கும் கடல் பிராணி) எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் இந்தக் கடைக்குப் போகாதீர்கள். அதே தெருவில் அப்படிக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. மறுவாரம் செத்த மீனுக்குப் பதில் புது மீன் வாங்கவும் அங்கேயே போகலாம்.

நான் சென்னையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் லேப் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவன். குழியுடலிகள் (அனிமோன், பவளம், சொறிமீன் என்கிற ஜெல்லி மீன் எல்லாம் சேர்ந்த கூட்டம்) என்றால் எனக்குக் கண்ணாடி ஜாடிகள்தான். ஃபார்மலினில் வெளுத்துப்போன ஆரேலியா என்ற சொறிமீன், சொறி மாதிரியே மிதக்கிற, நீலம் போய்ச் சாம்பலாகிவிட்ட ஃபைசேலியா, அலமாரி மேல்தட்டில் காளான் பவளம், அதன் பக்கத்தில் செங்கல் நிறத்தில் உறுப்புக்குழாய்ப் பவளம். பிராக்டிகல் பரீட்சைக்கு முந்தின நாள் ஜாடிகளைத் துடைத்து நம்பர் ஒட்டி வரிசையாக வைப்பேன். அனிமோன் ஜாடியைப் பார்த்துப் பையன்கள் வருஷம் தவறாமல் ஊறுகாய் என்பார்கள். வருஷம் தவறாமல் யாராவது ஒருவன் அதற்கு 'ஹைட்ரா' (நல்ல தண்ணீரில் வாழும் அதன் குட்டி உறவு) என்று எழுதி மார்க்கைக் கோட்டை விடுவான். இத்தனை காலம் ஜாடியைத் துடைத்தவனுக்கு அந்தப் பிராணி அசைந்தால் எப்படி இருக்கும் என்று வீட்டில் வைத்துப் பார்க்க ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை. மனைவிக்கு மட்டும் ஆச்சரியம்.

கொளத்தூரில் வண்ண மீன் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலும் நல்ல தண்ணீர் மீன்தான்: கோல்டு ஃபிஷ், கப்பி, ஃபைட்டர். உப்புத் தண்ணீர்ச் சமாச்சாரம் குறைவு. இந்தக் கடை மாடியில் இருக்கிறது. படி குறுகல், கைப்பிடி ஆடுகிறது. மேலே போனதும் மீன் கடை நாற்றம் அடிக்கவில்லை. கடற்கரையில் காலையில் நின்றால் வரும் வாடைதான் வந்தது. ஒவ்வொரு தொட்டியிலும் கையால் எழுதிய சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது: உப்படர்த்தி 1.025, வெப்பம் 26, மீன் வந்த தேதி, என்ன சாப்பிடுகிறது. வந்து பத்து நாள் ஆகாத மீனின் தொட்டியில் 'விற்பனைக்கு இல்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். எங்கள் துறையில் பேராசிரியர்கள்கூட இவ்வளவு ஒழுங்காக லேபிள் எழுதியதில்லை.

கடைக்காரர் நாற்பதுகளில் இருப்பார். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். "கோமாளி மீன் ஒரு ஜோடி, ஒரு அனிமோன். என்ன விலை தம்பி?"

"தொட்டி ஓட ஆரம்பிச்சு எத்தனை மாசம் ஆச்சு சார்?"

"இன்னும் தண்ணியே ஊத்தலை."

"அப்ப மீனுக்கு ஒன்றரை மாசம். அனிமோனுக்கு ஆறு மாசத்துக்கு மேல. இன்னைக்கு உப்பு மட்டும் வாங்கிக்கிட்டுப் போங்க."

விற்க வந்தவன் இப்படிச் சொன்னால் முதலில் கோபம்தான் வருகிறது. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்து விளக்கினார். புதுத் தொட்டியில் மீன் கழிவு அம்மோனியாவாகும். அதை நைட்ரைட்டாக்க ஒரு பாக்டீரியா, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்க இன்னொன்று. இரண்டும் கல்லிலும் மணலிலும் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீனை விட்டால் அது தன் கழிவிலேயே வெந்துபோகும். அனிமோன் இன்னும் நொச்சு. அதற்கு எலும்பு கிடையாது, செதில் கிடையாது, ஓடு கிடையாது. உள்ளே ஒரு தோல், வெளியே ஒரு தோல், நடுவில் கொழகொழவென்று ஒரு படலம். தண்ணீரில் இருப்பது எதுவும் நேராக உடம்புக்குள் போய்விடும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் போடுகிற தாமிர மருந்து மீனைக் காப்பாற்றும், அதே தொட்டியில் இருக்கும் அனிமோனைக் கொன்றுவிடும். வேறு எந்தக் கடையிலும் மருந்து விற்கும்போது யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அனிமோன் தொட்டியைக் காட்டியபோது அவர் பாடம் நடத்திய விதம் எனக்குப் பிடித்திருந்தது. நல்ல அனிமோனுக்கு வாய் இறுக மூடியிருக்கும். பிளந்து தொங்கினால் வாங்காதே. அடிப்பாகம் கல்லில் ஒட்டியிருக்கும்; தண்ணீரில் உருண்டுகொண்டிருந்தால் வாங்காதே. நிறம் பழுப்போ பசும்பழுப்போ கலந்திருக்கும். அந்தப் பழுப்பு அனிமோனுடையது இல்லை, அதன் திசுவுக்குள் குடியிருக்கும் ஒற்றைச் செல் பாசியினுடையது. பகலில் அந்தப் பாசி வெளிச்சத்தில் சமைக்கும் சர்க்கரையில் பெரும்பங்கை அனிமோன்தான் சாப்பிடுகிறது. அதனால்தான் தொட்டிக்கு மேலே அவ்வளவு விலையில் நீல விளக்கு. பாசி போய்விட்டால் அனிமோன் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். பட்டினியில் கிடக்கும் அந்தப் பிராணியைத்தான் சில கடைகளில் 'ஒயிட் அனிமோன், ஸ்பெஷல்' என்று கூடுதல் விலைக்குத் தருகிறார்கள். மஞ்சளும் ரோஸும் சாயம் ஏற்றியும் விற்கிறார்கள். சாயம் சில வாரத்தில் இறங்கிவிடும், பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே அனிமோன் போய்விடும். நானும் அப்படி ஒரு மஞ்சள் அனிமோனை வேறொரு கடையில் பார்த்து அசந்து நின்றவன்தான். பெயர் வேண்டாம்.

ஓரத்தில் ஒரு பெரிய கம்பள அனிமோன் இருந்தது. அதுவும் விற்பனைக்கு இல்லை. "தொட்டுப் பாருங்க சார்" என்றார். விரலை வைத்தேன். லேசாகப் பிடித்து இழுத்தது. பசை இல்லை அது. நூற்றுக்கணக்கான கொட்டும் செல்கள் ஒரே நேரத்தில் நூலை எய்து என் தோலில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஹைட்ராவில் இந்த வேகத்தை அளந்திருக்கிறார்கள்: ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட ஆகாது. விலங்குலகத்தில் இதைவிட வேகமான அசைவு மிகக் குறைவு. நம் விரல் தோல் தடிமன், அதனால் பிழைத்தோம். பரீட்சைத் தாளில் நிடோபிளாஸ்ட், அதாவது இந்தக் கொட்டும் செல், படம் போட்டால் இரண்டு மார்க் என்று மட்டும் தெரிந்திருந்த எனக்கு அது விரலைப் பிடித்து இழுத்தது தனி அனுபவம். முழங்கையின் உள்பக்கம் மட்டும் பட்டுவிடக்கூடாது என்றார். அங்கே தோல் மெல்லிசு, தடித்துவிடும்.

கோமாளி மீன் அதே கொட்டும் கைகளுக்குள் எப்படிப் படுத்து உருளுகிறது என்று எல்லோரும் கேட்கிற கேள்வியை நானும் கேட்டேன். அதன் மேலுள்ள வழவழப்பு அனிமோனைச் சீண்டாத மாதிரியானது. அதுமட்டுமில்லை, புது அனிமோன் என்றால் மீன் ஓரமாகத் தொட்டுத் தொட்டுப் பழகித்தான் உள்ளே போகும். மீனுக்குப் பாதுகாப்பு. அனிமோனின் கைகளைக் கடித்துத் தின்ன வரும் வண்ணத்துப்பூச்சி மீன்களை இது விரட்டும். இதன் கழிவிலுள்ள அம்மோனியா அனிமோனுக்குள் இருக்கும் பாசிக்கு உரம். ராத்திரியில் இது உள்ளேயே அசைந்து புரள்வதால் அனிமோனுக்குப் புதுத் தண்ணீரும் ஆக்சிஜனும் கிடைக்கிறது. பாடப் புத்தகத்தில் 'ஒன்றுக்கொன்று உதவி வாழ்தல்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு, "ஆனா நீங்க வாங்கப்போற மீனுக்கு அனிமோனே தேவையில்லை சார்" என்றார். இவை குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்தவை. அனிமோனைக் கண்ணால் கண்டதில்லை. கோமாளி மீனைக் கடலிலிருந்து பிடிக்காமல் தொட்டியிலேயே வளர்ப்பதற்கான முறையை மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் எப்போதோ கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது கடலில் பிடித்த ஜோடியை விற்பவன் சோம்பேறி என்பது இவர் கட்சி. தொட்டி பழகியதும் சிறியதும் பெரியதுமாக இரண்டு மீனைப் பொறுக்கிக் கொடுத்தார். எல்லாக் கோமாளி மீனும் ஆணாகத்தான் வளரும். ஜோடியில் பெரியது பெண்ணாகிவிடும். அது செத்தால் மிச்சமிருக்கும் ஆண் பெண்ணாக மாறும். சம அளவில் இரண்டை வாங்கினால் யார் பெரியவர் என்று சண்டை போட்டுக் கிழித்துக்கொள்ளும். ஜோடி 1,200 ரூபாய். தெருவில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கும்.

என் பங்குக்கு நான் ஒன்று சொன்னேன். எங்கள் பேராசிரியர் ஒருவர் குழியுடலிகள் பாடத்தை ஆரம்பிக்கும்போதெல்லாம் சொல்வது. ஸ்காட்லாந்தில் ஜான் டால்யெல் என்பவர் 1828-இல் கரைப்பாறையிலிருந்து ஒரு அனிமோனை எடுத்துவந்து ஜாடியில் வைத்தார். அது 1887 வரை உயிரோடு இருந்தது. டால்யெல் போய்ச் சேர்ந்த பிறகும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி மாறி வாழ்ந்து, நூற்றுக்கணக்கில் குட்டியும் போட்டது. 'பாட்டி' என்றே அதற்குப் பெயர். கடைக்காரருக்கு இது புதிது. அடுத்த முறை நான் போனபோது அனிமோன் தொட்டிச் சீட்டில் ஒரு வரி கூடியிருந்தது: 'இது உங்களுக்குப் பிறகும் இருக்கலாம். யார் பார்த்துக்கொள்வார்கள்?' அதைப் படித்துவிட்டு ஒரு தம்பதி வாங்காமல் இறங்கிப் போனதை நானே பார்த்தேன். வியாபாரத்துக்குக் கெடுதல் செய்துவிட்டேனோ என்று கேட்டதற்கு, "அவங்க வாங்கியிருந்தா ஒரு மாசத்துல செத்திருக்கும் சார்" என்றார்.

அடுத்தது பவளம். கேட்காதீர்கள். கேட்டால் முகம் மாறிவிடுகிறது. பாறை கட்டும் பவளங்கள் அத்தனையும், விசிறிப் பவளம், கரும்பவளம், நெருப்புப் பவளம், எங்கள் அலமாரியில் இருந்த உறுப்புக்குழாய்ப் பவளம் உட்பட எல்லாம் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. இதே ஊரில் வேறொரு இடத்தில் 'சாயங்காலம் வாங்க, உள்ள இருக்கு' என்று காதோரம் சொன்னவர்கள் உண்டு. இந்தக் கடையில் செத்த பவளக் கல்கூடக் கிடையாது. தொட்டிக்குள் அடுக்குவதற்குச் சுட்ட மண்ணில் செய்த ஓட்டைக் கல் வைத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் பார்க்கச் சகிக்காது. மாதம் போகப் போக ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி ஏறி அழகாகிவிடுகிறது.

பவளம் என்பது வீடு கட்டிக்கொண்ட அனிமோன்தான். அதே வாய், அதே கொட்டும் கைகள், உள்ளே அதே பாசி. கூடுதலாக அடியில் சுண்ணாம்பைச் சுரந்து கிண்ணம் கட்டிக்கொண்டு, பக்கத்தில் தன்னைப் போலவே இன்னொன்றை முளைக்கவிட்டு, அப்படியே ஆயிரமாயிரமாகப் பெருகும். உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் பெரிசு. மான்கொம்பு மாதிரி கிளைக்கிறவை பத்து சென்டிமீட்டர் வரை போகும், ஆனால் ஒரு நங்கூரம் விழுந்தால் முறிந்துவிடும். உலகக் கடலடியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான இடம்தான் பவளப்பாறை. கடல் உயிரினங்களில் ஏறக்குறைய கால்வாசி ஏதோ ஒரு வயதில் அதை நம்பி இருக்கிறது.

கடைச் சுவரில் மன்னார் வளைகுடா வரைபடம் ஒன்று மாட்டியிருக்கிறது. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவு. எங்கள் காலத்தில் மாணவர்களை மண்டபத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போவது வழக்கம். குருசடைத் தீவுக்குப் படகில் போய் முழங்கால் தண்ணீரில் நிற்போம். துறை அலமாரியில் இருந்த காளான் பவளங்கள் அப்படி வந்தவை. அந்தப் பக்கத்துக் கரையில் பவளக் கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கியும், அப்படியே வைத்தும் வீடு கட்டியிருக்கிறார்கள். தூத்துக்குடிப் பக்கம் கடலில் கல் உடைப்பது 2005 வாக்கில்தான் நின்றது. அதற்குள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று இரண்டு தீவு தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. வரைபடத்தில் அந்த இரண்டையும் கடைக்காரர் பேனாவால் வட்டமிட்டிருக்கிறார். அலையின் வேகத்தை வெளியிலேயே உடைத்துப்போடுவது பாறைதான். பாறையை வீட்டுச் சுவராக்கிவிட்டால் தீவின் மணலை அலை வாரிக்கொண்டு போகும். மிச்சம் இருந்ததில் வான் தீவும் கரைந்துகொண்டே வந்ததால், அதன் முன்னால் 2015 முதல் சிமென்டில் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். உடைந்த பவளத் துண்டுகளைக் கட்டிவைத்து மறுபடி வளர்க்கும் வேலையையும் தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002-இலிருந்து செய்துவருகிறார்கள்.

தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கத்தான் வேண்டுமா என்று நான் இழுத்தபோது இதே வரைபடத்தைத்தான் காட்டினார். சில்லர் விலை தொட்டி விலையைவிட அதிகம், அதனால் இழுத்தேன். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தால் போதும். பவளத்துக்குள் இருக்கும் பாசி உதவியாக இருப்பதை விட்டுவிட்டு நஞ்சைச் சுரக்க ஆரம்பிக்கும். பவளம் அதை வெளியே தள்ளிவிட்டு வெளுக்கும். அப்போதும் அது சாகவில்லை. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்ப வரும். தணியாவிட்டால் பட்டினியில் போய்விடும். மன்னார் வளைகுடாவில் 2010 கோடையிலும் 2016 கோடையிலும் இப்படித்தான் பெரிய அளவில் வெளுத்தது. கடையில் ஒரு மே மாதம் கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் பண்ணி, தொட்டி 32-க்கு ஏறி, பழுப்பு அனிமோன் வெளுத்ததைத் தேதிவாரியாகப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறார். நிறம் திரும்ப வர மாதக்கணக்கில் ஆகியிருக்கிறது. படங்களைப் பார்த்துவிட்டுச் சில்லர் வாங்கினேன். நல்ல வியாபாரிதான், சந்தேகமில்லை.

சொறிமீன் விஷயத்துக்கு வருகிறேன். இது பேரன் வற்புறுத்தல். போனில் எவனோ விளக்கு மாதிரி ஒரு உருண்டைத் தொட்டியில் ஜெல்லி மிதக்கவிட்டதைப் பார்த்துவிட்டான். "தாத்தா, எனக்கு அது." கடைக்காரர் அவனைக் குனிந்து பார்த்து, கீழே இரண்டு கடை தள்ளி சிலிக்கானில் செய்த ஜெல்லி 150 ரூபாய்க்குக் கிடைக்கும், அது நிஜம் போலவே ஆடும், அதை வாங்கிக்கோ என்று அனுப்பிவைத்தார். வாங்கினோம். நிஜமாகவே நன்றாக ஆடுகிறது.

நிஜச் சொறிக்கு மூலை இருக்கிற தொட்டி ஆகாது. மூலையில் ஒதுங்கினால் குடை மடங்கிக் கிழியும். வடிகட்டிக் குழாய் உறிஞ்சிவிடும். காற்றுக்குமிழி குடைக்கு அடியில் புகுந்தால் வெளியேற வழியில்லாமல் அங்கேயே ஓட்டை போடும். அதனால் தண்ணீர் வட்டமாக, மெதுவாகச் சுற்றுகிற தனித் தொட்டி வேண்டும். தினமும் ஆர்ட்டீமியா என்ற குட்டி இறால் வகையின் முட்டையை உப்புத் தண்ணீரில் பொரிக்கவைத்து, அந்தக் குஞ்சுகளை ஊட்ட வேண்டும். மூளையும் இதயமும் இல்லாத, உடம்பில் 95 சதவீதம் தண்ணீராக இருக்கிற ஒரு பிராணிக்கு இவ்வளவு வேலை.

பேரன் சிலிக்கான் ஜெல்லியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். அலமாரியில் ஒரு கண்ணாடிக் குடுவை, அதற்குள் ஒரு ஓட்டுத் துண்டு. காசிமேட்டிலிருந்து வாங்கிவந்த கடல் தண்ணீரோடு தற்செயலாக வந்ததாம், என்ன இனம் என்று அவருக்கும் தெரியவில்லை. ஓட்டைத் திருப்பி ஒரு பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார். அடிப்பக்கத்தில் வெள்ளை வெள்ளையாக, இரண்டு மூன்று மில்லிமீட்டரில், கை விரித்த குட்டி அனிமோன்கள் போல ஒரு கூட்டம். சில மட்டும் நீண்டு, தட்டுமேல் தட்டாக அடுக்கியிருந்தன. மேல் தட்டு துடித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பிய்த்துக்கொண்டு எட்டு கையோடு நீந்திப் போய்விட்டது.

ஸ்கைஃபிஸ்டோமா, ஸ்ட்ரோபிலா, எஃபைரா. மூன்று கண்ணாடி ஸ்லைடு. ரோஸ் சாயம் ஏற்றி, கனடா பால்சத்தில் ஒட்டியது. மைக்ரோஸ்கோப்பில் ஃபோகஸ் பண்ணி வைத்துவிட்டு, 'தொடாமல் பாருங்கள்' என்று மாணவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போன மூன்று ஸ்லைடு. ஒட்டியிருப்பது, தட்டாக அடுக்குவது, பிய்ந்து நீந்துவது: ஒரே சொறிமீனின் மூன்று பருவம் என்று எனக்குத் தெரியும். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கடைக்காரரின் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார், ஆறிப்போய்விட்டது.

கடலில் நாம் பார்க்கும் குடை வடிவம் சில மாத வாழ்க்கைதான். அடியில் எங்கேயோ கல்லிலும் கிளிஞ்சலிலும் படகுத்துறைத் தூணிலும் ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருப்பது இந்தச் சின்ன வெள்ளைப் புள்ளிதான். வெப்பமோ உணவோ சரியாக அமைந்தால் ஒவ்வொன்றும் தட்டுத் தட்டாகப் பிரித்து அனுப்பும், சில வாரத்தில் கடல் நிறையச் சொறி. வலை கனத்துப்போய் மீனவர்கள் திட்டுவார்கள். கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்துக்குக் கடல் நீர் எடுக்கும் வாயில் வந்து அடைத்துக்கொள்ளும். திட்டுகிறவர்கள் மறந்துவிடுவது, ஆறடி நீளம் வரை வளர்கிற தோணி ஆமையின் முக்கிய ஆகாரமே இதுதான் என்பதை. கடலில் பிளாஸ்டிக் பையைப் பார்த்துச் சொறி என்று நினைத்து அது விழுங்குவதும் இதனால்தான். பாரை மீன் குஞ்சுகள் சில பெரிய சொறியின் குடைக்கு அடியில் ஒளிந்துதான் பிழைக்கின்றன. நம் கரையிலேயே சில வகைகளைப் பிடித்து, உப்பும் படிகாரமும் போட்டுப் பதப்படுத்தி, சீனா, ஜப்பான் பக்கம் அனுப்புகிறார்கள். பெசன்ட் நகரிலோ மெரினாவிலோ கரை ஒதுங்கியதைக் குழந்தைகள் குச்சியால் குத்துவதைப் பார்த்தால் தடுத்துவிடுங்கள். செத்த பிறகும் கொட்டும் செல் வேலை செய்யும். பட்டுவிட்டால் நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்க்கக்கூடாது, மிச்சமிருக்கும் செல்களும் வெடிக்கும்.

இப்போது குறைகள்.

கடைக்காரர் தன் தொட்டியில் ஊறவைத்து பாக்டீரியா ஏறிய கல் சிலவற்றை எனக்குக் கொடுத்தார், தொட்டி சீக்கிரம் பழகும் என்று. அதோடு கண்ணாடி அனிமோன் வந்துவிட்டது. ஐப்டேசியா என்று தொட்டிக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் பெயர். பழுப்பாக, ஒல்லியாக, பனை மரம் போல ஒன்று. சுரண்டி எடுக்கக்கூடாது, ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அது முழு அனிமோனாகிவிடும். சில வாரத்தில் கல் முழுக்கப் பரவி, மற்றவற்றைக் கொட்ட ஆரம்பித்தது. புகார் சொன்னதும் தன் கல்லில் வந்ததுதான் என்று ஒப்புக்கொண்டார். அதைத் தின்கிற பெப்பர்மின்ட் இறால் இரண்டு கொடுத்தார், ஆனால் பாதி விலை வாங்கிக்கொண்டார். சும்மா கொடுத்திருக்க வேண்டும். அந்த ஒரு நட்சத்திரம் அங்கேதான் போனது. பவளமும் பாசியும் சேர்ந்து வாழ்வது எப்படி, வெளுப்பது எப்படி என்று ஆராய்கிறவர்கள் இதே ஐப்டேசியாவைத்தான் சோதனைக்கூடத்தில் வளர்க்கிறார்கள் என்று அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அது தள்ளுபடி ஆகாது. பேரனுக்கு அதுதான் தொட்டியிலேயே பிடித்த பிராணி என்பது வேறு விஷயம்.

போன் எடுக்க மாட்டார்கள். கார் நிறுத்த இடமில்லை. கார்டு வாங்குவதில்லை, போனில் பணம் அனுப்பலாம்.

தண்ணீர்ப் பரிசோதனைக்கு மட்டும் தனியாக ஒரு பாராட்டு. கடைக்காரரின் மனைவிதான் செய்கிறார். சோடா பாட்டிலில் தொட்டித் தண்ணீர் கொண்டுபோனால் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், காரத்தன்மை, கால்சியம் பார்த்து ஒரு நோட்டில் நம் பெயரில் எழுதிவைக்கிறார். உப்பு வாங்கினால் இலவசம், இல்லாவிட்டால் 100 ரூபாய். சொட்டு எண்ணுவதில் கை நடுக்கமே இல்லை. எங்கள் லேபில் இருந்திருந்தால் டெமான்ஸ்ட்ரேட்டர் ஆக்கியிருப்பார்கள். "இந்த வாரமும் மீன் வேண்டாம் சார், நைட்ரைட் இருக்கு" என்று அவர் என்னைத் திருப்பி அனுப்பியது ஒரு தடவை இல்லை.

ஆறு மாதம் கழித்து அனிமோனும் கொடுத்தார்கள். குமிழ்நுனி அனிமோன், கடலிலிருந்து வந்தது இல்லை. கடைத் தொட்டியில் ஒன்று நடுவில் பிளந்து இரண்டானதில் ஒரு பாதி. கொடுக்கும்போது தண்ணீரைச் சுழற்றிவிடும் வேவ்மேக்கருக்குப் பஞ்சு உறை போடச் சொன்னார்கள். அனிமோன் நடக்கும், இடம் பிடிக்கும்வரை ராத்திரியில் ஊர்ந்துகொண்டே இருக்கும், சுழலியில் மாட்டினால் அரைபட்டுத் தொட்டியே நாசமாகும். உறை போட்டது நல்லதாயிற்று. எங்கள் அனிமோன் ஒரு வாரம் சுற்றிவிட்டு, கடைசியில் பின்பக்கக் கல்லின் மறைவில், சோபாவில் உட்கார்ந்தால் தெரியவே தெரியாத இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. கோமாளி மீன் ஜோடி அதைச் சீண்டக்கூட இல்லை. வடிகட்டிக் குழாய்க்கு அடியில் தூங்குகின்றன. இதைச் சொன்னபோது கடைக்காரர் சிரித்துவிட்டு, இன்னும் ஒரு வருஷம் பாருங்கள் என்றார்.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது, விளக்கம் சொல்ல அவருக்கு நேரம் இருக்காது, அதனால் வாரநாளில் காலை பதினொரு மணிக்கு மேல் போங்கள். ஆர்.ஓ. தண்ணீருக்கு கேன் நீங்களே கொண்டுபோக வேண்டும். பின்கட்டுக் குடுவையை எல்லோருக்கும் காட்டுவதில்லை, கேட்டுப் பாருங்கள். படியில் இறங்கும்போது கைப்பிடியை நம்பாதீர்கள்.